கோணல் பொருளுக்கு நேரான பெட்டி

போன மாத இதழில் "வீட்டில் ஒரு சோதனை" என்ற பகுதியில் எலுமிச்சை மின்கலம் பார்த்தோம். இந்த முறை தபாலில் பார்சல் அனுப்புவது பற்றி. "இதுல என்னப்பா பாடம் இருக்கு, பெட்டியில போட்டு டேப் ஒட்டினா முடிஞ்சுது" என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நினைத்ததால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பாடத்துக்குப் போவோம்.

நடந்தது என்ன?

என் தாத்தா காசிமேட்டில் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், பிறகு ஃபைபர் போட். இப்போது வயதாகிவிட்டதால் வீட்டில்தான் இருக்கிறார். என் அண்ணனுக்குப் புனேவில் வேலை கிடைத்தது. புனேவில் கடல் கிடையாது. "ரூமுல வைக்கிறதுக்கு ஒரு சின்ன கட்டுமரம் செஞ்சு குடு தாத்தா" என்று கேட்டுவிட்டுப் போனான். தாத்தா கல்யாண முருங்கை மரத்தில் ஐந்து கட்டை செதுக்கி, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, பாய்மரம், துடுப்பு எல்லாம் வைத்து ஒரு மாதிரி செய்தார். நீளம் 55 செ.மீ. எடை 600 கிராம்தான். அச்சு அசல் கட்டுமரம்.

பேக் பண்ணும் வேலை எனக்கு. பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் வந்த பெரிய பெட்டி பரண் மேல் இருந்தது. அதில் கட்டுமரத்தை அப்படியே பாய்மரத்தோடு நிற்க வைத்து, மேலே நாலு பேப்பரை விரித்து, சுற்றிலும் டேப் ஒட்டி அனுப்பிவிட்டேன். ஆறாவது நாள் அண்ணன் போட்டோ அனுப்பினான். பாய்மரம் அடியோடு முறிந்திருந்தது. துடுப்பு ரெண்டாகப் பிளந்திருந்தது. ஒரு கட்டையின் மூக்கு உடைந்திருந்தது. ஆனால் பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை!

எனக்குத் தபால்காரர் மேல்தான் கோபம் வந்தது. "தூக்கிப் போட்டிருப்பாங்க தாத்தா" என்றேன். தாத்தா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னாடா பேராண்டி, மரத்த அவுக்காமலேவா அனுப்ச்ச?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

கட்டுமரம் சொல்லித்தரும் பாடம்

கட்டு + மரம் = கட்டுமரம். பேரிலேயே விஷயம் இருக்கிறது. ஆணி கிடையாது. மரக்கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பியதும் கரையில் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காய வைப்பார்கள். மறுபடி போகும்போது மறுபடி கட்டு. நம் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. (இப்போது அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகுகள் வேறு வகை.) 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. நம்மில் பல பேர் கட்டுமரம் அவிழ்ப்பதைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

அதாவது, பிரித்து எடுத்துப் போவதற்கு என்றே செய்யப்பட்ட ஒரு பொருளை, நான் பிரிக்காமல் அனுப்பியிருக்கிறேன்!

ஏன் உடைந்தது? (அறிவியல்)

பெட்டி உடையாமல் உள்ளே இருந்தது மட்டும் ஏன் உடைந்தது? நம் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது.

1. நிலைமம். பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பெட்டி நின்றாலும் உள்ளே இருக்கும் பொருள் நிற்காது. காலி இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஓடிப்போய்ச் சுவரில் மோதும். பெட்டிக்குள் இருக்கும் காலி இடம்தான் முதல் எதிரி.

2. நெம்புகோல். நீட்டிக்கொண்டு நிற்கும் பாய்மரத்தின் உச்சியில் சின்ன இடி பட்டாலும், அடியில் பல மடங்கு விசையாக இறங்கும். அதனால்தான் நடுவில் முறியாமல் அடியோடு முறிந்தது. குடையின் கைப்பிடி, விளக்கின் கழுத்து, பொம்மையின் கை என்று எது நீட்டிக்கொண்டு இருக்கிறதோ அது ஒட்டும் இடம்தான் பலவீனமான இடம்.

3. நிற்கும் தூரம். இதுதான் முக்கியம், கவனியுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். அதாவது மணிக்கு 16 கி.மீ. நன்றாக மிதிக்கும் சைக்கிள் வேகம். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தே விசை அமையும். தோராயக் கணக்கு இது:

விசை = எடை × (விழுந்த உயரம் ÷ நிற்க எடுத்த தூரம்)

600 கிராம் கட்டுமரம் 1 மீட்டரிலிருந்து விழுந்து, அட்டையில் நேராக மோதி 1 மில்லிமீட்டருக்குள் நின்றால்: 1000 மி.மீ. ÷ 1 மி.மீ. = 1000 மடங்கு. 600 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம்!

அதே கட்டுமரம் கசக்கிய பேப்பர் மெத்தை மேல் விழுந்து, பேப்பர் 2 செ.மீ. அமுங்கி நின்றால்: 100 ÷ 2 = 50 மடங்கு. 30 கிலோதான்.

விழுந்தது ஒரே உயரம்தான், விசை மட்டும் 600 கிலோவிலிருந்து 30 கிலோவாகக் குறைந்துவிட்டது. சும்மா கிடந்த பழைய பேப்பர் செய்த வேலை இது.

நம்ம ஊரிலேயே இருக்கும் வாத்தியார்கள்

சரியாக பேக் பண்ணுவது எப்படி என்று எங்கேயோ போய்ப் படிக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் இருந்துகொண்டு நாம் தினமும் பார்ப்பதுதான்.

காசிமேட்டில் மீன் பெட்டியைப் பாருங்கள். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ். உடைத்த ஐஸ் மீனைக் குளிர வைப்பதோடு நிற்பதில்லை. மீனுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் சந்து பொந்தையும் நிரப்புகிறது. மீனைப் போல வழுக்கும், கோணலான பொருள் வேறு எது?

சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் நமக்குப் பழக்கம். அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள்ளும் இதே பிரச்சினைதான். சரக்கு நகராமல் இருக்க மரக்கட்டை முட்டுக் கொடுப்பார்கள், பெல்ட் போட்டு இறுக்குவார்கள், சந்தில் காற்றுப் பை வைத்து ஊதுவார்கள்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலில் ஏற்றுமதி ஆகின்றன. ஓட்டிக்கொண்டுபோய் உள்ளே நிறுத்தினால் போதாது. ஒவ்வொரு காரையும் பெல்ட் போட்டுக் கப்பல் தளத்தோடு கட்டுவார்கள். நடுக்கடலில் கப்பல் ஆடினாலும் கார் ஆடாது.

காற்றாலை இறக்கை ஏற்றிப் போகும் நீளமான ட்ரெய்லரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வளைந்த இறக்கையைத் தரையில் அப்படியே படுக்க வைக்க மாட்டார்கள். அதன் வளைவுக்கு ஏற்ற மாதிரி தொட்டில் செய்து, வலுவான இடங்களில் மட்டும் தாங்குவார்கள். மெல்லிய நுனி எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரே பாடம்தான்: பொருள் பெட்டிக்குள் ஆடக்கூடாது. வலுவான இடம் தாங்கணும், பலவீனமான இடம் எதையும் தொடக்கூடாது.

செய்முறை

தாத்தா ரெண்டு மாதம் உட்கார்ந்து இன்னொரு கட்டுமரம் செய்தார். கை நடுங்குகிறது என்பதால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் செதுக்க முடிந்தது. முடித்துக் கொடுக்கும்போது, "இதான்டா கடைசி. இனிமே உளி புடிக்க முடியாது" என்றார். அதனால் இந்த முறை நான் அவசரப்படவே இல்லை. செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. பிரி. கயிற்றை அவிழ்த்து ஐந்து கட்டையையும் தனித்தனியாக்கினோம். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் 1 முதல் 5 வரை எண் போட்டேன். பிரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து, எது எங்கே வரும், கயிறு எப்படிச் சுற்றும் என்று ஒரு தாளில் படம் வரைந்துகொண்டேன். இது இல்லாவிட்டால் வாங்குகிறவர் முழிப்பார்.

2. நீட்டிக்கொண்டு இருப்பதைக் காப்பாற்று. பாய்மரக் குச்சியை, வீட்டில் பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. பைப் துண்டுக்குள் விட்டு, ரெண்டு முனையிலும் துணி அடைத்தேன். துடுப்பு தட்டையானது. அதை ரெண்டு அட்டைக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி வைத்துக் கட்டினேன்.

3. தனித்தனியாகச் சுற்று. ஐந்து கட்டையையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றினால் ஒன்றோடொன்று உரசும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணி சுற்றினேன். கொலு வைக்கும் வீடுகளில் பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றித்தான் டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள்.

4. தொட்டில் செய். கட்டையின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், அதனால் தட்டையாக உட்காராது. அட்டையில் கட்டையை நிறுத்திப் பென்சிலால் அதன் வயிற்று வளைவை வரைந்து, அந்த வடிவத்தில் வெட்டினேன். மூன்று அட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் ஒரு தாங்கி. இப்படி ரெண்டு தாங்கி. இரண்டு முனையிலிருந்தும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். மூக்கு எதையும் தொடவில்லை.

5. நாலு விரல் இடைவெளி. பொருளுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆறு பக்கமும் சுமார் 5 செ.மீ. இருக்கணும். அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது. பேப்பரை விரித்துப் போட்டால் பயனில்லை, அமுங்கிவிடும். கைப்பிடி அளவு உருண்டையாகக் கசக்கி இறுக்கமாகத் திணிக்கணும். மூலைகளில் கூடுதலாக.

இந்த இடத்தில் எங்கள் ஆயா வந்து எட்டிப் பார்த்தார். "இம்மாம் எடம் சொம்மா கெடக்குதே, புள்ளைக்கு நெத்திலிக் கருவாடு வச்சு வுடுறேன்" என்றார். யோசனை நல்லதுதான், நிரப்பவும் ஆச்சு, அண்ணனுக்கும் ஆச்சு! ஆனால் வாசனை மரத்தில் ஏறும், எண்ணெய் கசிந்தால் அட்டை ஊறும், வழியில் மற்றவர்கள் பார்சலும் கெடும். கெடக்கூடிய பொருள், பட்டாசு, தீப்பிடிக்கும் பொருள் எதையும் பார்சலில் வைக்கக்கூடாது. ஆயாவுக்குக் கோபம்தான். அண்ணன் பொங்கலுக்கு வரும்போது தருகிறேன் என்று சமாதானம் ஆனார்.

6. மழையை மறக்காதே. அட்டைக்குத் தண்ணீர்தான் எமன். பெட்டிக்குள் முதலில் பெரிய பாலிதீன் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயைக் கட்டினேன். ஐப்பசி கார்த்திகையில் அனுப்புகிறவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள்.

7. காதில் வைத்து ஆட்டு. மூடியை ஒட்டும் முன்னால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஆட்டிப் பாருங்கள். 'கடகட' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் திறந்து மறுபடி நிரப்பணும். நான் மூன்று முறை திறந்தேன்.

8. டேப். நடுக்கோட்டில் ஒன்று, ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கணும். அடிப்பக்கமும் அப்படியே. அந்தக் காலத்தில் பார்சலைக் காடாத் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை வைப்பார்கள். கோணல் பொருளுக்கு இப்போதும் துணி உறை நல்லது. டேப் பிரிந்தாலும் துணி விடாது.

பெட்டியின் ரகசியம்

அட்டைப் பெட்டியின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். ரெண்டு தட்டைத் தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அந்த அலைகள்தான் தூண்கள். பெட்டி சரியாக நிற்கும்போது தூண்கள் செங்குத்தாக நின்று மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கும். ஒருமுறை மடங்கினாலோ நனைந்தாலோ தூண் போச்சு. அதனால் சொதசொதத்த பழைய பெட்டி வேண்டாம். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போடலாம், ஆனால் அதை நம்பி பேக் பண்ணக்கூடாது. எந்தப் பக்கம் வைத்தாலும் தாங்கணும்.

பிரித்ததால் துட்டும் மிச்சம்

பெரிய பெட்டி, குறைந்த எடை என்றால், அது அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிக் கணக்குப் போடும் வழக்கம் பார்சல் தொழிலில் உண்டு. பல கூரியர்களின் கணக்கு: நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 5000.

முதல் பெட்டி: 60 × 40 × 45 ÷ 5000 = 21.6 கிலோ
இரண்டாவது பெட்டி: 65 × 25 × 20 ÷ 5000 = 6.5 கிலோ

அதே கட்டுமரம்தான், பிரித்து அடுக்கியதும் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அளவு, எடை வரம்பை பேக் பண்ணுவதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. சில பெரிய தபால் நிலையங்களில் பேக் பண்ணித் தரவே தனி கவுண்டர் இருக்கிறது.

முகவரி

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 600 என்றால் சென்னை. கடைசி எண்கள் நம் தபால் நிலையம். ராயபுரம் 600013. பெரியவர்கள் இன்னும் 'மெட்ராஸ்-13' என்று சொல்வார்கள், அந்த 13-தான் இது. அனுப்புநர், பெறுநர் ரெண்டு பேர் முகவரியும் போன் நம்பரும் வெளியே எழுதணும். அதே மாதிரி ஒரு தாள் எழுதி உள்ளேயும் வைக்கணும். மேல் சீட்டு கிழிந்தால் உள் சீட்டு காப்பாற்றும். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ரசீதில் இருக்கும் 13 இலக்க எண்ணை வைத்து பார்சல் எங்கே போகிறது என்று பார்க்கலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

உலகப் புகழ் பெற்ற 'ஹோப்' வைரத்தை 1958-ல் ஹாரி வின்ஸ்டன் என்ற வைர வியாபாரி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார் தெரியுமா? சாதாரணப் பழுப்புத் தாள் சுற்றிப் பதிவுத் தபாலில்! மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட்தான், மீதி இன்ஷூரன்ஸ். வைரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வெளியே பகட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு என்ன ஆச்சு?

ஐந்தாவது நாள் சாயங்காலம் அண்ணன் வீடியோ காலில் வந்தான். எங்கள் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்தான். தாத்தா ஒன்றும் பேசவில்லை, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்று, ரெண்டு, மூன்று என்று ஐந்து கட்டையும் வெளியே வந்தன. பைப்பிலிருந்து பாய்மரம் வந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம்தான் பிரச்சினை. அண்ணனுக்குக் கட்டத் தெரியவில்லை! என் படத்தைப் பார்த்தும் ரெண்டு முறை தப்பாகக் கட்டினான். தாத்தா போனில், "அப்புடி இல்லடா, கீழ வுட்டு மேல இழு. இன்னும் இறுக்கு. மரம் பேசாம இருக்கணும்" என்று ஒவ்வொரு சுற்றாகச் சொல்லிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசி முடிச்சு விழுந்ததும் அண்ணன் தூக்கி ஆட்டிக் காட்டினான். சத்தமே இல்லை.

தாத்தா எனக்கும் அண்ணனுக்கும் கட்டுமரம் கட்ட அதுவரைக்கும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முழுசாக அனுப்பி அது உடையாமல் போயிருந்தால், சொல்லிக் கொடுத்திருக்கவும் மாட்டார். இப்போது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

நினைவில் வையுங்கள்

பிரிக்க முடிந்ததைப் பிரி.
நீட்டிக்கொண்டு இருப்பதைக் காப்பாற்று.
காலி இடத்தை நிரப்பு.
ஆட்டிப் பார், பிறகு ஒட்டு.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. 2 கிலோ பொருள் 1 மீட்டரிலிருந்து விழுந்து 4 செ.மீ.-க்குள் நின்றால், விசை எத்தனை மடங்கு? எத்தனை கிலோ எடைக்குச் சமம்?
2. ஒரு டோலக்கைப் பார்சலில் அனுப்ப வேண்டும். எந்த இடம் வலுவானது, எந்த இடம் எதையும் தொடக்கூடாது?
3. உங்கள் வீட்டில் இருக்கும் கோணலான பொருள் ஒன்றைச் சொல்லுங்கள். அதை எத்தனை பாகமாகப் பிரிக்கலாம்?

விடைகளைத் தாளில் எழுதி, பெயர், வகுப்போடு சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்